ஜோடித் தேர்வு

அப்பாவின் கை சட்டைக்குள் நுழைய மறுத்தது. மகள் தோளைத் தூக்கிப் பிடிக்க, அம்மா மெல்ல இழுத்துவிட்டாள். தேர்வுக்குப் போட்டுக்கொண்டு போவதற்காக நேற்று அவரே தேய்த்து மாட்டிவைத்த சட்டை. காலையில் பல் துலக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார்.

பொத்தான்களைப் போட்டுவிட்டவர் சுருட்டை. தலையில் மருந்துக்கும் முடி கிடையாது. எந்தக் காலத்திலோ வைத்த பட்டப்பெயர் மட்டும் உதிராமல் நின்றுவிட்டது. கிடங்கில் அவரும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கியே வயதானவர்கள்.

திங்கள்கிழமை முதல் அந்தப் பெட்டிகளை ரோபோ கைகள் அடுக்கப் போகின்றன. அவற்றை இயக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இனி வேலை. இயக்குவது எப்படி என்று ஊழியர்களுக்கு வகுப்பு எடுத்தவள் மகள்தான். "பெத்த பிள்ளைகிட்டயே குட்டு வாங்க வச்சிட்டானுங்கப்பா" என்று அப்பா அலுத்துக்கொள்வார். ஆனால் வகுப்புக்குள் வந்துவிட்டால் அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

தேர்வு இன்றைக்கு. மதிப்பெண் போட வந்திருக்கும் அதிகாரி மாலையில் கிளம்பிவிடுவார். மகள் போனில் கெஞ்சிப் பார்த்தாள். அவர் வருத்தப்பட்டார், ஆனால் நாளைத் தள்ளிப்போட முடியாது என்றார். தேர்வு ஜோடி ஜோடியாக நடப்பது. சுருட்டையின் ஜோடி அப்பா. ஜோடி இல்லாதவரோடு வேறு ஊழியரோ பயிற்சியாளரோ நிற்கலாம், அவ்வளவுதான்.

"வாய்ப்பை விட்டுடாதீங்க சித்தப்பா. வேற யாரையாவது கூட நிக்கச் சொல்றேன்" என்றாள் மகள்.

"யாரும்மா இருக்கா? எல்லாருக்கும் அவங்கவங்க ஜோடி. விடு. இத்தனை வருஷம் கூடவே நின்னவன் நான், இன்னைக்குப் பார்த்து அண்ணனை விட்டுட்டுப் போறதா?"

அவருக்குப் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். வேலை போனால் அந்த வீடு என்ன பாடுபடும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அம்மா காலரைச் சரிசெய்தபடியே சொன்னாள்.

"நீ போய் சுருட்டை தம்பி கூட நில்லு."

"அப்பாவைப் போட்டுட்டு எப்படிம்மா?"

"உன் அண்ணன் வந்து சேர சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் நான் இருக்கேன். இவரு எங்க போயிடப் போறாரு."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மகளுக்கு அம்மாவின் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஒரு நாளாவது மகளாக மட்டும் இருக்க விடக்கூடாதா? முகத்தைக் கழுவிக்கொண்டு சுருட்டையோடு கிளம்பினாள்.

கிடங்கில் மற்ற ஜோடிகள் முடித்துவிட்டுச் சுவரோரம் நின்றிருந்தார்கள். மஞ்சள் கோட்டுக்குள் ரோபோ கை. ரிமோட்டைப் பிடிப்பவர் ஒவ்வோர் அசைவுக்கும் முன்னால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். நிறுத்தும் பொத்தானில் விரல் வைத்திருக்கும் ஜோடி, கோட்டுக்குள் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் அசைத்தால் அங்கேயே தோல்வி. யாருக்கும் அடிபட்டுவிடக் கூடாது என்பதற்காக மகளே படித்துப் படித்துச் சொன்ன விதி.

அவள் பொத்தானில் விரலை வைத்தாள். சுருட்டை ரிமோட்டை எடுத்தார்.

"அண்ணே, தூக்கவா?"

பழக்கதோஷம். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. சுவரோரம் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதிகாரி பேனாவோடு காத்திருந்தார்.

மகளின் விரல் பொத்தானிலேயே இருந்தது. அது அப்பா பதில் சொல்ல வேண்டிய கேள்வி. தான் வாயைத் திறந்தால் அவர் போனது முடிவாகிவிடும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. சுருட்டை அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரிமோட்டைப் பிடித்தபடி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் கோட்டுக்குள் ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். யாரும் இல்லை.

"தூக்கலாம்" என்றாள்.

ரோபோ கை பெட்டியைத் தூக்கி நிறுத்தியது. சுருட்டையின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை.

"அண்ணே, திருப்பவா?" என்று அடுத்ததைக் கேட்டார்.

"திருப்பலாம்."