சாட்சி அண்ணன்

சகலமான ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: அட்டைப்பெட்டி ஆலையின் மேற்பார்வையாளர், பைபிள் சொல்லும் அன்பு, சாந்தம், நீடிய பொறுமை ஆகிய கனிகளில் இந்த ஆண்டு பூரண வளர்ச்சி அடைந்துவிட்டார். அறிவித்தவரும் அவரே; ஞாயிறு ஆராதனையில், மைக் பிடித்து, இருபது நிமிடம்.

கர்த்தர் செய்த நன்மைகளை வாரம் தவறாமல் எழுந்து சாட்சி சொல்வதால் சபையில் அவருக்குப் பெயரே 'சாட்சி அண்ணன்'. பேருந்தில் இடம் கிடைத்ததற்குச் சாட்சி, பல்வலி நின்றதற்குச் சாட்சி. ஆலையில் நடந்த ஒன்றுக்கு மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வெட்டு மெஷினில் ஒரு பெண்ணின் இரண்டு விரல்கள் போயின. வேகம் போதவில்லை என்று கத்தியின் பாதுகாப்பு மூடியைக் கழற்றச் சொன்னவர் மேனேஜர். பக்கத்தில் நின்று கேட்டவர் நம் அண்ணன். 'அவளாகவே கழற்றினாள்' என்று மேனேஜர் எழுதிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை விசாரணை. அதுவே உண்மையென்று முடிவானால் அவள் வேலை போய்விடும்.

அவளும் அதே சபைதான், கடைசி வரிசை. ஆராதனை முடிந்ததும் கட்டுப்போட்ட கையோடு வாசலில் அவரை மறித்தாள்.

"அண்ணே, நாளைக்கு உள்ளதைச் சொல்லிடுவீங்கல்ல?"

"ஜெபம் பண்றேம்மா."

"ஜெபம் நானே பண்ணிக்கிறேண்ணே. நீங்க கேட்டதைச் சொன்னா போதும்."

வீட்டில் மனைவி தட்டை 'ணங்'கென்று வைத்தாள். "இருபது நிமிஷம் மைக்கை விடாத வாய்க்கு, நாளைக்கு ஒரு வரி சொல்ல வலிக்குதாக்கும்?"

"கர்த்தருடைய சித்தத்துக்குக் காத்திருக்கேன்."

"கர்த்தர் சித்தமா, மேனேஜர் சித்தமா?"

ஒரு வாய்கூட இறங்கவில்லை. அறைக்குள் போய் முழங்காலிட்டார். கண்ணை மூடினால் மூடியில்லாத கத்திதான் ஏறி இறங்கியது. 'சொல்லிவிடுகிறேன் ஆண்டவரே' என்றார், நெஞ்சிலிருந்தே. எழுந்தபோது மனம் லேசாகியிருந்தது. இந்தத் தீர்மானத்தையே அடுத்த வாரச் சாட்சியாகச் சொல்லலாமே! முதல் வரிகூட அமைந்துவிட்டது.

மறுநாள் விசாரணை அறையில் மேனேஜர் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"மூடியைக் கழட்டச் சொல்லி யாராவது சொன்னதை நீங்க கேட்டீங்களா?" என்றார் விசாரணை அதிகாரி.

அவள் நிமிர்ந்து அவரையே பார்த்தாள். அவர் மேனேஜரைப் பார்த்தார்.

"நான்... சரியா கவனிக்கலைங்க. ஆனா, அந்தப் பொண்ணுக்காக ஜெபிச்சுட்டு இருக்கேன்."

குமாஸ்தா படிவத்தை நிரப்பினார். சாட்சி: இல்லை.