இரண்டாவது பிரேக்

"அடுத்த ஆள்" என்று அவன் கையைத் தூக்கினான். மைதானத்து வாசலில் காத்திருந்த வெள்ளைப் பயிற்சிக் கார் ஒரு குலுக்கலும் இல்லாமல் கிளம்பி, தரையில் போட்ட கோட்டைத் தொடாமல் அதற்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுகிற இருக்கையில் அவனுடைய அம்மா. இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டு, வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்தி வைத்திருந்தாள். காலில் புத்தம் புது வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. அம்மாவை ஷூ போட்டு அவன் பார்த்ததே இல்லை.

வருவாள் என்று தெரியும். தெரிந்திருந்தும் கையிலிருந்த பட்டியலில் அவள் பெயரை மறுபடி தேடிப் பார்த்தான்.

அந்த வட்டாரத்தில் யாராவது வண்டி ஓட்ட உரிமம் வாங்க வேண்டுமென்றால் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். முப்பது வயதில் தலைமை ஆய்வாளர். காசு வாங்க மாட்டான், சிபாரிசுக்கு மசிய மாட்டான், இரக்கமும் பட மாட்டான். ஃபெயில் என்ற வார்த்தையைச் சொல்வதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "திரும்ப வாங்க" என்பான். அதனால் பயிற்சிப் பள்ளிக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயரே 'திரும்ப வாங்க சார்'. பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழே இரண்டாவதாக ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் மிதிப்பதற்கு. தேர்வில் ஆய்வாளர் அதை ஒரு தடவை மிதித்துவிட்டால் கதை முடிந்தது. அவன் கால் எப்போதும் அதன்மேலேயே இருக்கும். காரை ஓட்டப் பயப்படாதவர்கள்கூட அந்தக் காலுக்குப் பயந்தார்கள்.

முந்தின நாள் காலையில் நடந்தது அவன் காதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். அம்மா அவனுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்டா" என்றாள்.

தனக்குப் பெண் பார்க்கிற பேச்சை மறுபடி எடுக்கிறாள் என்று நினைத்தான். "எனக்கு இப்ப வேணாம்மா. எத்தனை தடவை சொல்றது?"

"உனக்கு இல்லடா. எனக்கு."

ரொட்டியைத் தட்டில் வைத்தான். யார் என்று கேட்டான். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் என்றாள். அந்த ஆளை உனக்கு எப்படித் தெரியும் என்றான். அவரிடம்தான் கார் கற்றுக்கொள்கிறேன், நாளைக்கு டெஸ்ட் என்றாள். வரிசையாக வந்து விழுந்த சேதிகளில் எதற்கு முதலில் கோபப்படுவது என்றே தெரியவில்லை. எழுந்து நின்று, தனக்கே பழக்கமில்லாத ஒரு தடித்த குரலில், "இந்த வீட்டுல இதெல்லாம் நடக்காது! நான் சம்மதிக்க மாட்டேன்!" என்று கத்தினான்.

"சம்மதம் கேக்கலடா. சொல்றேன்."

"நாளைக்கு டெஸ்ட் எடுக்கப்போறது யாருன்னு தெரியும்ல?"

"தெரியும். அதனாலதான் நல்லாக் கத்துக்கிட்டேன்" என்று உரித்த முட்டையை அவன் தட்டில் வைத்தாள்.

அவனுடைய அப்பா லாரி ஓட்டினார். வாரக்கணக்கில் வெளியூர், பிறகு இரண்டு நாள் வீடு. அந்த இரண்டு நாளும் அம்மாவின் முகமே வேறாக இருக்கும். தலையை வேறு மாதிரி வாரிக்கொள்வாள், காரணமில்லாமல் சிரிப்பாள், அவன் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பாள். அவன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இந்த லாரி இனிமேல் வரவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டிக்கொள்வான். அவனுக்கு ஒன்பது வயதாகும்போது ஒரு நாள் லாரி வரவில்லை. வழியில் எங்கோ நிறுத்திவிட்டுத் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. வீடு நிறைய ஆள் நின்ற அன்றைக்குப் பெரியப்பா அவன் தலையில் கை வைத்து, "இனிமே இந்த வீட்டுக்கு ஆம்பளை நீதான்டா" என்றார். எல்லாரும் எல்லாப் பையன்களிடமும் சொல்வதுதான். சொன்னவர் மறுநாளே மறந்திருப்பார். இவன் மறக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அப்பாவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். கால் தரையைத் தொடவில்லை. அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. அம்மா மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பினால் எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டான். ஒரு மழை நாளில் கூட வேலை பார்ப்பவர் அவளைத் தன் வண்டியில் கொண்டுவந்து விட்டபோது, துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். அவர் சிரித்துக்கொண்டே போனார், அதற்குப் பிறகு வரவில்லை. வளர்ந்த பிறகு அவனுக்குப் பார்த்த பெண்களில் ஒருத்தி சத்தமாகச் சிரித்தாள், ஒருத்தி மெல்லப் பேசினாள், ஒருத்தியிடம் எந்தக் குறையும் இல்லை, அதுவே ஒரு மாதிரியாக இருந்தது. எல்லாரையும் திருப்பி அனுப்பினான்.

அவனுக்குக் கீழே வேலை பார்த்த இளைய ஆய்வாளர் ஒரு பெண். தபால் வழியில் உளவியல் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை மதிய இடைவேளையில் படித்ததை அவனிடம் சொன்னாள்: சின்ன வயதில் ஆண்பிள்ளைக்கு அம்மா தனக்கு மட்டும் வேண்டுமாம், அப்பா இல்லாமல் போனால் தேவலை என்று இருக்குமாம். "அப்பா மேல இருக்கற பயத்துல அந்த ஆசையை விட்டுடுவாங்களாம் சார். அப்புறம் தானும் அப்பா மாதிரியே ஆகணும்னு வளருவாங்களாம்."

"வேலை இல்லாதவன் எவனோ எழுதினது" என்று சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா இல்லேன்னா?" என்று கேட்டான்.

அவள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். "அந்தப் பாடம் இன்னும் வரல சார்."

இப்போது அவள்தான் காரை நோக்கிப் போன அவன் பின்னாலேயே ஓடி வந்தாள். "சார், சொந்தக்காரங்கன்னா வேற ஆபீசர்தானே எடுக்கணும்? நான் எடுக்கறேனே."

"நான்தான் எடுப்பேன். வேணும்னா பின்னாடி உக்காந்து பாருங்க" என்று காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான். காலைப் பிரேக்கின்மேல் வைத்தான்.

"பெல்ட் போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன் சார்" என்றாள் அம்மா. அந்த 'சார்' அவனைச் சுட்டது.

மேட்டின் நடுவில் நிறுத்தச் சொன்னான். நிறுத்தினாள். எடுக்கச் சொன்னான். பெரிய பெரிய ஆட்களெல்லாம் பின்னால் உருண்டு அவமானப்பட்ட மேடு அது. கார் ஒரு விரற்கடைகூடப் பின்வாங்காமல் நிதானமாக ஏறியது. பின்பக்கமாக வந்து கம்பங்களுக்கு நடுவில் நிறுத்தச் சொன்னான். அளந்து வெட்டிய துணி மாதிரி உள்ளே போய் நின்றது. பேன் பார்ப்பது போலக் குற்றம் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. பின்னிருக்கையிலிருந்து, "அடடா" என்று ஒரு சத்தம் வந்தது. திரும்பி முறைத்தான். இளைய ஆய்வாளர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாலைக்கு வந்தார்கள். முன்னால் ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. அம்மா வேகத்தைக் குறைத்தாள், வலது பக்க விளக்கைப் போட்டாள், எதிரே பார்த்தாள். சாலை காலி. அவள் உதடு மெல்ல அசைந்தது. "பொறுமை... பொறுமை... இப்போ போ ராணி."

அது மாஸ்டரின் பேச்சு. அப்படித்தான் அந்த ஆள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இருபது வருடமாக அம்மாவின் வாயில் தன் பேச்சைத் தவிர வேறு ஆணின் பேச்சை அவன் கேட்டதில்லை. ராணியாம்! அவனுக்குக் கண் இருட்டியது. கால் தானாக இறங்கியது.

கார் முகத்தில் அடி வாங்கியது போலக் குலுங்கி, அணைந்து, நடுச் சாலையில் நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரனை அலறவிட்டார்கள். அவன் கண்ணாடியைக் கழற்றினான். துடைக்க மறந்தான்.

"திரும்ப வாங்க."

"சார், ரோடு காலியாத்தானே இருந்துச்சு? எதுக்குப் பிடிச்சீங்க?" என்றாள் பின்னாலிருந்தவள்.

அம்மா காரை மறுபடி கிளப்பினாள்.

"அப்ப நான் ஃபெயில்."

"ஆமா."

"டெஸ்ட் முடிஞ்சிடுச்சு?"

"முடிஞ்சிடுச்சு."

"நல்லது. இனிமே நீ ஆபீசர் இல்ல. காலை எடுத்து அந்தப் பக்கம் வைடா."

அதட்டல்தான். வீட்டில் அவனை அதட்டி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. கால் விலகிக்கொண்டது. மைதானத்துக்குத் திரும்ப வேண்டிய வளைவு வந்தது, போனது. கார் நேராக நெடுஞ்சாலையை நோக்கிப் போயிற்று.

"அம்மா, எங்க போற? வண்டியைத் திருப்பு! சட்டப்படி இது..."

"சட்டம் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் வண்டியில இருக்கீங்க, பாத்துக்குங்க" என்று அடுத்த கியரைப் போட்டாள்.

திறந்த ஜன்னல்களில் காற்று திமுதிமுவென்று புகுந்தது. ஒரு டிராக்டரைத் தாண்டினாள். ஒரு வேனைத் தாண்டினாள். இரண்டு தடவையும் அவனுக்கு உயிர் போய் வந்தது, இரண்டு தடவையும் தப்பு இல்லை. பின்னிருக்கையில் இருந்தவள் முன் இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் வேகமாப் போகலாம்மா, இங்க எண்பது வரைக்கும் விடுவாங்க" என்றாள்.

"உனக்கு ஞாபகம் இருக்காது" என்றாள் அம்மா, காற்றுக்கு மேலே குரலை உயர்த்தி. "உனக்கு ஆறு வயசு. உங்கப்பா லாரியை ஒரு பொட்டல்ல கொண்டுபோய் நிறுத்தி, வா, ஓட்டுன்னாரு. ஏறி உக்காந்தேன். ஸ்டீயரிங் எம்மாம் பெருசு! வண்டி நாலடி நகர்ந்துச்சு. கீழே நின்னுக்கிட்டு நீ அழுத பாரு ஒரு அழுகை. அம்மா இறங்கு, அம்மா இறங்குன்னு மண்ணுல புரண்டுட்ட. இறங்கிட்டேன். அப்புறம் எப்ப ஏறலாம்னு நினைச்சாலும் உன் அழுகைதான் ஞாபகம் வரும்." கியரை மாற்றினாள். "நீ நல்ல பிள்ளைதான்டா. எனக்கு ஒரு குறையும் வைக்கல. ஆனா எனக்கு மூச்சு முட்டுது."

அவன் அவளைப் பார்த்தான். காற்றில் முடி பிய்த்துக்கொண்டு பறக்க, கண் சாலையில் குத்தி நிற்க, கன்னம் சிவந்து உட்கார்ந்திருந்தாள். அப்பா வரும் நாட்களில் மட்டும் வருகிற முகம். போய்விட்டது என்று அவன் நினைத்திருந்த முகம். அது எங்கேயும் போகவில்லை போலிருக்கிறது. இவனுக்குத் தெரியாமல் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறாள். பயமா, பொறாமையா, சந்தோஷமா என்று தெரியாத ஒன்று அவன் நெஞ்சில் தடதடவென்று அடித்தது.

"உனக்கு அவரைப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு."

"அப்பாவை விடவா?"

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "சின்னதுல, என்னை விட அப்பாவையா பிடிக்கும்னு கேட்டு உயிரை வாங்குவ. இப்ப அப்பாவுக்காக வக்காலத்தா?"

பின்னாலிருந்தவள் சிரித்துவிட்டாள். அவனுக்கும் உதட்டோரம் துடித்தது. அடக்கிக்கொண்டான்.

அகலமான ஓர் ஓரத்தில் அம்மா விளக்குப் போட்டு நிறுத்தியதும், இளைய ஆய்வாளர் தொண்டையைச் செருமினாள். "சார், தப்பா நினைக்காதீங்க. அந்த டெஸ்ட் செல்லாது. மேலே கேட்டா நான் அப்படித்தான் சொல்லுவேன். நீங்க பின்னாடி வாங்க. நான் முதல்லேருந்து எடுக்கறேன்."

நான் உனக்கு மேலதிகாரி என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கை அதற்குள் கதவைத் திறந்துவிட்டது. சாலையோரம் இறங்கி நின்றான். ஒரு லாரி இரைச்சலோடு கடந்து போனது, சட்டை படபடத்தது. பின்னால் போய் உட்கார்ந்தான். முன்னால் இரண்டு பெண்களின் தலைகள். அவன் எதையும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. எதையும் தடுக்க வேண்டியதில்லை. இத்தனை லேசாக உட்கார்ந்து எவ்வளவு காலம் ஆயிற்று! ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டினான். கண்ணில் தண்ணீர் வந்தது. காற்றுதான்.

திரும்பி வரும் வழியெல்லாம் இளைய ஆய்வாளர் விடவில்லை. பாலத்தில் நிறுத்தச் சொன்னாள், சந்துக்குள் விட்டுப் பின்னால் எடுக்கச் சொன்னாள், சந்தைக் கூட்டத்துக்கு நடுவில் ஓட்டச் சொன்னாள். ரவுண்டானாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்ததும், கையில் இருந்த பேனாவை மூடினாள்.

"பாஸ்மா."

அம்மா ஹாரனை அழுத்தினாள். ஹாரன் அடிக்கக் கூடாத இடம். நீளமாக, மனசு நிறைய அழுத்தினாள்.

அந்தச் சத்தத்துக்கு நடைபாதையில் நின்ற ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பினார். மாஸ்டர். போன கார் வரக் காணோமே என்று மைதானத்திலிருந்து நடந்தே தேடி வந்திருக்கிறார். தலையில் வெயிலுக்குக் கைக்குட்டை, சட்டையெல்லாம் வியர்வை. அம்மா அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். குனிந்து உள்ளே பார்த்தார். முன்னால் பெண் ஆய்வாளர். பின்னால் அவன். அவருடைய முகத்தில் இருந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"சார்..." என்றார்.

அவன் அந்த மனிதரை முதல் முறையாகப் பக்கத்தில் பார்த்தான். அப்பா மாதிரி இல்லை. அவனைப் போலவும் இல்லை. ஒல்லியாக, காது பெரிதாக, பயந்துபோய் நின்றார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை, ஸ்டீயரிங்கில் வைத்த கையை எடுக்கவும் இல்லை. அவன் கதவைத் திறந்துவிட்டு உள்ளே நகர்ந்தான்.

மாஸ்டர் ஏறி, இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்தார். ரகசியம் கேட்பது போல, "பாஸா சார்?" என்றார்.

"நான் எடுக்கல" என்றான். அவர் முகம் வாடியதைப் பார்த்து, "பாஸ்தான்" என்றான்.

"ரெண்டு பேரும் பெல்ட்டைப் போடுங்க" என்றது முன்னாலிருந்து அம்மாவின் குரல்.

ஒரே நேரத்தில் இரண்டு பேரும் துழாவினார்கள். ஒருவர் பெல்ட் இன்னொருவர் கையில் மாட்டியது, மாற்றிக்கொண்டார்கள். அம்மா மேலே இருந்த கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்தாள். அதில் இரண்டு முகங்களும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன, ஒன்று கைக்குட்டையோடு, ஒன்று கலைந்த தலையோடு. கார் துள்ளிக் கிளம்பி ரவுண்டானாவுக்குள் மறுபடி புகுந்தது. வளைவில் இரண்டு தோள்களும் ஒன்றோடொன்று மோதின. அவள் இன்னும் வேகத்தைக் கூட்டினாள்.