ஞாயிறு கறி உண்டு

நிலவன் தன் கம்பெனியை ஆரம்பித்தபோது அதற்கு ஒரு வெப்சைட், ஒரு லோகோ, ஒரு தலைமைச் செயல் அதிகாரி எல்லாம் தயாராக இருந்தன. கம்பெனி என்ன செய்யும் என்பது மட்டும் பாக்கி. அந்தக் குறையை இசக்கிபாண்டி தீர்த்துவைத்தான்.

2013இல் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, டீக்கடை மாடியில் இருந்த அறையில் இருவரும் தங்கியிருந்தார்கள். நிலவன் வல்லக்கோட்டைக்காரன். தண்டலத்தில் இன்ஜினியரிங் முடித்தவன். அல்லது கல்லூரி அவனோடு முடித்துக்கொண்டது. வீட்டிலேயே இருந்தால் அப்பா வேலைக்குப் போகச் சொல்வார் என்பதால் தொழிலதிபர் ஆனான். இசக்கிபாண்டி நாங்குநேரிப் பக்கத்து ஐடிஐ. ஒரகடத்தில் காருக்குக் கதவுத் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் டிரெய்னி. தகட்டை பிரஸ்ஸில் வைத்து எடுப்பதில் மூன்று வருடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கக் கூடாது. மூன்று வருடம் முடிந்தால் பெர்மனென்ட் என்று சேரும்போது சொல்லியிருந்தார்கள். அதை நம்பி ஊரில் அவனுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெர்மனென்ட் ஆர்டரைப் பார்த்த பிறகுதான் கல்யாணத் தேதி என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். விவரமான மனிதர்.

எந்தக் கம்பெனி கேட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி கேன்டீன் வரிசையில்தான் முதலில் வரும் என்று இசக்கி ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னான். நிலவன் அன்றே அதைக் கம்பெனியாக்கிவிட்டான். 'வேலைவாசல்' என்ற அந்த வெப்சைட்டைப் பார்க்க யாருடைய போனிலும் இன்டர்நெட் இல்லை. ஆகவே மிஸ்டு கால். ஒரு நம்பருக்கு அழைத்தால் ஒரே ரிங்கில் கட் ஆகும்; பிறகு எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று மெசேஜ் வரும். லேப்டாப்பை வல்லக்கோட்டை முருகன் சன்னதிக்கு எடுத்துப்போய் பூஜை போட்டார்கள். அர்ச்சகர் தாராளமாக வைத்த சந்தனத்தில் ஸ்பேஸ் பார் ஒரு வாரம் வேலை செய்யவில்லை. சோதனைக்காக முதல் மிஸ்டு கால் கொடுத்தவன் இசக்கி. வேலைவாசலின் ஒன்றாம் நம்பர் வாடிக்கையாளன் அவன்தான். கோ-ஃபவுண்டர் என்று அவனுக்கு விசிட்டிங் கார்டும் அடித்துக் கொடுத்தான் நிலவன். அதை அவன் பேக்டரி அடையாள அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தான்.

வாடிக்கையாளர் பெருகினார்கள். வருமானம் வரவில்லை. சென்னையில் ஏசி அறைகளில் உட்கார்ந்திருந்த முதலீட்டாளர்கள் நிலவன் சொன்னதைக் கேட்டு, ரொம்ப இம்ப்ரெஸ் ஆகி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். கடைசியில் பலராமன்தான் மாடிப்படி ஏறி வந்தார். அந்த வட்டாரத்துக் கம்பெனிகளுக்கெல்லாம் கான்ட்ராக்டில் ஆள் அனுப்பி, இப்போது மனிதவள ஆலோசகராகிவிட்டவர். லேப்டாப்பில் ஏறும் எண்களை டீ குடித்தபடி பார்த்தார்.

"தம்பி, ஸ்கிரீன்ல நம்பரை நானும் காட்டுவேன். நீங்க ஆளைக் காட்டுங்க. நான் சொல்ற கேட்டுல, நான் சொல்ற காலைல. ரோடு அடையணும். அடைஞ்சா பணம் போடுறேன்."

அந்த கேட்டில் வேகன்சி இருக்கிறதா என்று நிலவன் கேட்டான்.

"வேகன்சி இருந்து ஆள் வந்தா அதுல என்ன அதிசயம்? இல்லாமலே வரவைக்கிறதுதானே தம்பி டெக்னாலஜி."

பிறகு கேட்டின் பெயரைச் சொன்னார். அது இசக்கியின் தொழிற்சாலை. அங்கே மூன்று வருடம் முடித்த டிரெய்னிகள் பெர்மனென்ட் கேட்டு கேன்டீன் சாப்பாட்டைத் தொடாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் நிற்காது, வயிறு மட்டும் காயும். இந்தப் பக்கத்தில் அது ஒரு போராட்ட முறை. முதல் நாள் தட்டைக் கவிழ்த்து வைத்தவன் இசக்கி. அறைக்கு வந்து நிலவனிடம் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருந்தான்.

"உள்ளே பசங்க சாப்பிட மாட்டேன்றாங்களாம். வெளியே நாலு பேர் பசியோட நிக்கிறதைப் பாத்தா தானா சாப்பிடுவாங்க" என்றார் பலராமன், ஒரு தாயின் கவலையோடு.

நிலவன் யோசித்தான். டீ ஆறும்வரை யோசித்தான். பிறகு அந்த ஆறிய டீயைக் குடித்துவிட்டு, மெசேஜ் நாளைக்கே போய்விடும் என்றான்.

மறுநாள் ஏ ஷிப்ட் முடிந்து மாலையில் அறைக்கு வந்த இசக்கி, பகல் முழுக்கப் பட்டினி கிடந்த வேகத்தில் பரோட்டா தின்றுகொண்டிருந்தான். ஒரு மெசேஜ் எழுதித் தரச் சொன்னான் நிலவன். பார்த்ததும் ஆள் கிளம்பி வர வேண்டும்.

"எந்த கேட்டு மக்கா?"

"கேட்டு பேரை நான் போட்டுக்கிறேன் மச்சி. நீ டெம்ப்ளேட் மட்டும் குடு."

"வேலை உள்ளதுதானா?"

"பெரிய கம்பெனிடா."

இதில் பொய் ஒன்றும் இல்லை. நிலவன் எழுதி வைத்திருந்த ஆங்கில வாசகத்தைப் பார்த்து இசக்கிக்குச் சிரிப்பு வந்தது. கேரியர் குரோத் என்று போட்டால் ஒருத்தனும் வரமாட்டான், ரூம் உண்டா சோறு உண்டா என்றுதான் பார்ப்பான் என்று பாடம் எடுத்தான். பரோட்டாக் கையைத் துடைத்துவிட்டு அடித்தான்: ஐடிஐ, பிளஸ் டூ. நேரடி ஆள் எடுப்பு. பஸ் உண்டு, ரூம் உண்டு, ஞாயிறு கறி உண்டு.

"எந்தக் கம்பெனிலடா ஞாயித்துக்கிழமை கறி போட்றான்?"

"எவனும் போடல. ஆனா எவனாவது போடலாம்லா."

நிலவன் கேட்டின் பெயரைச் சேர்த்து, ஒன்றாம் நம்பர் வாடிக்கையாளனை மட்டும் அன்றைக்கு விட்டுவிட்டு, மற்ற எல்லோருக்கும் அனுப்பிவிட்டுப் படுத்தான். நன்றாகத் தூங்கியதாகப் பிற்பாடு ஒரு தொழில்முனைவோர் கூட்டத்தில் சொன்னான்.

காலையில் ரோடு அடைந்தது. கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்தும் நுழைய முடியவில்லை. கையில் பைல், தோளில் பை, தலையில் எண்ணெய் என்று ஆட்கள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நின்றார்கள். செய்யாறிலிருந்து வந்திருந்தார்கள், விருதுநகர்க்காரர்களும் இருந்தார்கள்.

உள்ளே முதல் மாடிப் பயிற்சி அறையில் எச்ஆர் அதிகாரி சந்திரலேகா டிரெய்னிகளைக் கூட்டியிருந்தார். அவர் யாரையும் அதட்டிப் பேசியதில்லை. பிறந்தநாளுக்கு மறக்காமல் சாக்லேட் கொடுப்பவர். இன்னும் இரண்டு வருடம் டிரெய்னியாக இருக்கச் சம்மதம் என்று ஆளுக்கொரு தாள் மேசையில் இருந்தது.

"யாரையும் கட்டாயப்படுத்தலை. ஜன்னல் கிட்ட போய் ஒரு தடவை வெளியே பாருங்க. பாத்துட்டு வந்து நிதானமா முடிவெடுங்க."

வரிசையாகப் போய்ப் பார்த்தார்கள். வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். வரிசையாகவே கேன்டீனுக்கும் போனார்கள். அன்று பொங்கலில் முந்திரி போட்டிருந்தார்கள். இசக்கியும் பார்த்துவிட்டு வந்து நின்றான். அவனுக்கு மட்டும் தாள் போடவில்லை.

"உங்க டிரெய்னிங் நல்லபடியா முடிஞ்சிருச்சு இசக்கிபாண்டி. வாழ்த்துகள்" என்று சந்திரலேகா ஒரு சான்றிதழை இரண்டு கையாலும் கொடுத்தார். பார்டரெல்லாம் போட்டு அழகாக இருந்தது.

கேட்டை விட்டு வெளியே வந்தவனைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. தென்னாட்டுப் பேச்சில் ஒருவன் போனை நீட்டிக் கேட்டான்.

"அண்ணாச்சி, உள்ள இருந்தா வாறிய? ஞாயித்துக்கெழம கறி உள்ளதுதானா?"

இசக்கி அதை வாங்கி முழுக்கப் படித்தான். கடைசி எழுத்துவரை அவன் அடித்ததுதான். கேட்டின் பெயர் மட்டும் புதிது.

"இங்க ஆள் எடுக்கல. எல்லாரும் வீட்டுக்குப் போங்கலே."

போட்டியைக் குறைக்கப் பார்க்கிறான் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. கூட்டம் கேட்டை நோக்கி இன்னும் ஓரடி நெருங்கி நின்றது.

இசக்கி நிலவனுக்கு போன் அடித்தான். ஒரே ரிங்கில் கட் ஆனது. கம்பெனியின் வழக்கம் அது.

அவன் அறைக்கு நடந்தே வந்து சேர்ந்தபோது பலராமன் முதலீட்டுப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். மேசையில் அவர் வைத்துவிட்டுப் போன ஸ்வீட் பாக்ஸ். நிலவன் ஒன்றை எடுத்து நீட்டினான். இசக்கி வாங்கவில்லை.

"எந்த கேட்டுன்னு உனக்கு நேத்தே தெரியுமால?"

"தெரியும்."

"எங்கிட்ட ஏம்ல சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ கறி போட்டிருப்பியா?"

இசக்கி அவனை அடிக்கவில்லை. நாலைந்து நாளாகச் சரியான சாப்பாடு இல்லாத கை. நிலவன் அவனை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினான். உன்னை நான் விட்டுவிடுவேனா, கம்பெனியில் மெசேஜ் எழுதும் பொறுப்பு முழுக்க உனக்குத்தான் என்றான். கோ-ஃபவுண்டர் எல்லாம் இருந்தால் பேப்பர் சிக்கலாகும் என்று பலராமன் சார் நினைப்பதாகவும் சொன்னான்.

"மொத வருஷம் டிரெய்னியா போட்டுக்கலாம்னாரு. அப்புறம் பெர்மனென்ட் பண்ணிக்கலாம் மச்சி, நம்ம கம்பெனிதானே."

இந்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா போன் செய்வதாக இருந்தது. அவரிடம் சொல்ல ஏதாவது ஒரு வேலை வேண்டும். இசக்கி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பலராமன் முதல் நிஜ வேகன்சியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒரகடம், பிரஸ் ஷாப், ஏ ஷிப்ட், ஒரே ஒரு இடம். அந்த இடத்தைப் பற்றி உன்னைவிட யாருக்குத் தெரியும் என்று நிலவன் உற்சாகப்படுத்தினான். அதுவும் உண்மைதான். இசக்கி ஐடிஐ என்று அடித்தான். பஸ் உண்டு என்று அடித்தான். கொஞ்சம் நிறுத்தி, மூன்று வருடத்தில் பெர்மனென்ட் என்றும் அடித்தான்.

பின்னால் நின்று படித்த நிலவன் முகம் சுளித்தான்.

"அத்த எடுத்துடு மச்சி. பொய் சொன்னா பேர் கெட்டுடும்."

இசக்கி எடுத்தான். அனுப்பும் பட்டனை அழுத்தினான். அடுத்த நொடி சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பெண்ணின் அப்பாவோ என்று பதறி எடுத்துப் பார்த்தான். மெசேஜ் ஒன்றாம் நம்பர் வாடிக்கையாளனுக்குத்தான் முதலில் வந்திருந்தது.

"வந்துச்சா?" என்றான் நிலவன்.

"வந்துட்டு."

"ஸ்பீடு பாத்தியா" என்று சொல்லிவிட்டு நிலவன் இன்னொரு ஸ்வீட்டை எடுத்துக்கொண்டான்.