இருபத்து மூன்றாவது கேள்வி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றின் மூன்றாம் மாடி வீட்டில், இரத்தினசிங்கம் நாடாளுமன்றம் கூட்டியிருந்தார். விவாதப் பொருள்: வீட்டுக்கு என்ன அடுப்பு வாங்குவது? பழைய கேஸ் அடுப்பின் ஒரு பக்கம் ஆறு மாதமாகவே பற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தது. இப்போது மற்றப் பக்கமும் அதனோடு கூட்டுச் சேர்ந்துவிட்டது.

இந்த விடயத்தில் இரத்தினசிங்கத்துக்கு ஒரு தனி மிடுக்கு உண்டு. அவர் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் தீ விபத்துப் பிரிவுப் பரிசோதகர். கொழும்பில் கடை கடையாக ஏறி இறங்கி, இருபத்திரண்டு கேள்விகள் அச்சடித்த படிவத்தை நிரப்புவதுதான் வேலை. சிலிண்டர் எங்கே, வயர் எத்தனை வருடப் பழசு, மண் வாளி இருக்கிறதா என்று அவர் துருவித் துருவிக் கேட்கும்போது கடைக்காரர்களுக்கு வியர்த்துவிடும்.

"மண்ணெண்ணெய் அடுப்பு ஒண்டு எடுங்கோ அத்தான்," என்றார் கிருலப்பனையிலிருந்து வந்திருந்த மைத்துனர் முத்துலிங்கம். "கேஸுக்கு லைனில நிண்ட காலத்தை மறந்திட்டியளோ? அப்ப எங்கட வீட்டில சோறு வெந்தது மண்ணெண்ணெயிலதான்."

"அப்ப மண்ணெண்ணெய்க்கு லைன் இருக்கேல்லையோ மாமா?" மகன் மிதுஷன் சிரித்தான். "கரண்ட் அடுப்புத்தான் சரி. கண்ணாடி மாதிரி இன்டக்‌ஷன் அடுப்பு ஒண்டு வாங்குவம். நெருப்பே இல்லை."

"கரண்ட் போனா அந்தக் கண்ணாடியில முகம் பாக்கிறதோ?" இரத்தினசிங்கம் மேசையில் தட்டினார். "கேஸ்தான். நெருப்பைப் பற்றி எனக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை."

குசினி வாசலில் அவருடைய மனைவி சுபோதினி வந்து நின்றார். "இஞ்சாருங்கோ, கேஸ் எண்டா எனக்கு..."

"சுபோ, தேத்தண்ணி என்னமாதிரி?" என்று கேட்டார் இரத்தினசிங்கம்.

சுபோதினி உள்ளே போய்த் தேநீர் ஊற்றினார். அந்த வீட்டில் ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் அடுப்புக்கு முன்னால் நிற்பவர் அவர் ஒருவர்தான். விவாதித்த மூவரில் ஒருவருக்கும் பருப்பு எத்தனை நிமிடத்தில் அவியும் என்றுகூடத் தெரியாது. ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. திங்கட்கிழமை மாலை பளபளவென்று ஒரு கேஸ் அடுப்பு வந்து சேர்ந்தது.

அடுத்த வியாழக்கிழமை இரத்தினசிங்கம் அரைநாள் லீவில் மதியமே வீட்டுக்கு வந்தார். இரண்டாம் மாடியிலேயே மூக்கில் அடித்தது கேஸ் நாற்றம். மேலே அவர் வீட்டுக் கதவைப் பக்கத்து வீட்டு மர்லியா இரண்டு கையாலும் இடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்ரி! கதவத் தொறங்க! கேஸ் மணக்குது!"

இரத்தினசிங்கம் படிகளைத் தாவி ஏறித் திறப்பால் கதவைத் திறந்தார். வானொலி அலறிக்கொண்டிருந்த குசினியில், கதவு இடிபட்டது கேட்காமல், சுபோதினி ஒரு அவசரமும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் நெருப்புப் பெட்டி, மறு கையில் அடுப்பின் மற்றப் பக்கத்தைப் பற்றவைக்க எடுத்த குச்சி.

"சுபோ! பத்தவையாதையும்!"

பாய்ந்து போய்க் குச்சியைப் பறித்தார். சோறு பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. வெயில் விழும் குசினியில் நீலச் சுவாலை இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. குமிழ் திறந்தபடியே இருந்தது. அவர் சிலிண்டரைப் பூட்டினார், யன்னல்களைத் திறந்தார், மின்விசிறிச் சுவிட்சைத் தொடவே இல்லை. எல்லாம் படிவத்தில் உள்ளபடி. பிறகு மூவரும் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

"உமக்கு மணக்கேல்லையோ?" என்று கேட்டார். பயம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"எனக்கு நாலு வருசமா ஒண்டுமே மணக்கிறேல்லை," என்றார் சுபோதினி. "அந்தக் கொரோனாக் காய்ச்சல் வந்ததில இருந்து."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னனான். நீங்கள் கிரிக்கெட் மட்ச் பாத்துக்கொண்டிருந்தனீங்கள். 'எல்லாருக்கும் அப்பிடித்தான், வந்திடும்' எண்டனீங்கள். போன ஞாயிறும் சொல்ல வந்தனான். தேத்தண்ணி கேட்டனீங்கள்."

இரத்தினசிங்கம் மர்லியாவின் பக்கம் திரும்பினார்.

"அன்ரி குழம்பு வெச்சா என்னயத்தான் கூப்புட்டு மணந்து பாக்கச் சொல்லுவாங்க," என்றாள் மர்லியா மெதுவாக. "ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சன் அங்கிள்."

பக்கத்து வீட்டுக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை. சுபோதினி ஒரு நாளைக்கு முப்பது தடவை போய்க் குமிழைத் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு "சந்தேகப் பிராணி" என்று பட்டம் வைத்துச் சிரித்தவர் அவர்தான். இன்றைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்ததில் அந்த ஒரு தடவை தவறிவிட்டது. ஊருக்கெல்லாம் இருபத்திரண்டு கேள்வி கேட்டவர் வீட்டில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே என்று வெட்கத்தில் அவருக்குக் கண் கலங்கியது.

"என்ன அடுப்பு வேணும், நீர் சொல்லும்," என்றார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தார். அது அவருக்குப் புதுப் பழக்கம்.

சுபோதினியிடம் பதில் தயாராக இருந்தது. "கரண்ட் அடுப்பு. ஆனா மிதுஷன் சொன்னது வேண்டாம். பிரிஜ்ஜில ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து எல்லாப் பானை சட்டியிலையும் வைச்சுப் பாத்தனான். தண்ணி வாளியின்ர கைபிடியில மட்டும்தான் ஒட்டிச்சுது. காந்தம் ஒட்டாத சட்டி அந்த அடுப்பில சூடாகாது. கம்பி சிவக்கிற சாதாரண அடுப்புப் போதும்."

"கரண்ட் போனா?" என்று பழக்க தோஷத்தில் கேட்டார் இரத்தினசிங்கம்.

"பாணும் சம்பலும் இருக்கு. மர்லியா வீட்டில கேஸும் இருக்கு. ஒரு நேரம் சோறில்லாட்டி ஆரும் சாகமாட்டினம்."

மர்லியா முதலில் சிரித்தாள். பிறகு மூவரும் சிரித்தார்கள். மாலையே கேஸ் அடுப்பு கடைக்குத் திரும்பிப் போய், சுபோதினி கேட்ட அடுப்பு வந்தது. வயரைப் பரிசோதித்தவர் இரத்தினசிங்கம். எந்த மூலையில் வைப்பது என்று சொன்னவர் சுபோதினி. அன்றிரவு குழம்பை மணந்து பார்த்துச் சொல்லும் வேலையும் இரத்தினசிங்கத்துக்குக் கிடைத்தது. "இன்னும் கொஞ்சம் வத்தவேணும்," என்று அவர் நிபுணர் தோரணையில் சொன்னதைக் கேட்டு மிதுஷனுக்குப் புரையேறியது.

மறுவாரம் கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடை. முதலாளி ஷரீப் இருபத்திரண்டு கேள்விகளுக்கும் சளைக்காமல் பதில் சொன்னார். கேஸ் குழாய் புத்தம் புதிதுபோல் இருப்பதாகச் சத்தியம் செய்யாத குறை. கையெழுத்துப் போடப் பேனையை நீட்டினார். இரத்தினசிங்கம் வாங்கவில்லை.

"இன்னொரு கேள்வி இருக்கு. இஞ்ச சமைக்கிறது ஆர்?"

"அது நம்மட மஸாஹிரா. அவக்கு என்ன தெரியும் சேர்?"

"ஒருக்கா கூப்பிடுங்கோ."

கையைத் துடைத்தபடி ஒரு பெண் வந்து நின்றார். முதலாளியை ஒரு பார்வை, இரத்தினசிங்கத்தை ஒரு பார்வை. அவர் அவசரப்படாமல் காத்திருந்தார்.

"பின்பக்கக் குழாயில வெடிப்பு ஈக்குது சேர்," என்றார் மஸாஹிரா. "ரெண்டு மாசமாத் துணி சுத்தித்தான் வேல செய்றன். நீங்கதான் மொதல்ல கேட்டீங்க."

ஷரீபின் முகம் வெளிறியது. இரத்தினசிங்கம் படிவத்தைத் திருப்பி, பேனையை எடுத்து, அடியில் 23 என்று இலக்கமிட்டு அந்தக் கேள்வியை எழுதினார்.

"முதலாளி, அடுப்பை வாங்கிறவையிட்டை மட்டும் கேட்டாக் காணாது," என்றார். "அதுக்கு முன்னால நிக்கிறவையிட்டை முதல்ல கேக்கவேணும். சொல்லி முடியுமட்டும் காது குடுக்கவும் வேணும். இதைப் படிக்க எனக்கு நாலு வருசம் எடுத்தது. நீங்கள் இண்டைக்கே படிச்சிடுங்கோ."