ஒரே ஒரு வசனம்

"அப்பா, வெள்ளிக்கிழமை நீச்சலுக்கு வரலை. பள்ளி நாடகத்துல நடிக்கிறேன்."

வீட்டில் 'வாத்து' என்று அழைக்கப்படும் மகள் சொன்னதும் எலக்ட்ரீஷியனான அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீச்சல் போட்டிக்குப் பத்தே நாள்தான் இருந்தது.

"எத்தனை வசனம்?"

"ஒண்ணே ஒண்ணு. ஆனா அதை நான்தானே சொல்லணும்!"

அந்தப் பிடிவாதம் அவருடையதேதான். வேறு வழியில்லாமல் பயிற்சியாளருக்குப் போன் செய்து, பெண்ணுக்குக் காய்ச்சல் என்று புளுகினார். "உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க," என்று அந்த அம்மாள் போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை பள்ளி அரங்கில் நுழைந்தவர் திகைத்து நின்றார். இரண்டாம் வரிசையில் பயிற்சியாளர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நீச்சல் குழுப் பிள்ளைகள் எல்லோரும்.

"வாங்க சார். காய்ச்சல் விட்டுடுச்சா?"

அவருக்கு முகம் சிவந்துபோனது.

"உங்க பொண்ணு போன வாரமே எங்களைக் கூப்பிட்டுட்டா. இன்னிக்கு எல்லாருக்கும் லீவு. உக்காருங்க."

மேடையில் வாத்து தபால்காரராக வந்து, "அம்மா, கடிதம்!" என்று முழங்கினாள். பிள்ளைகள் விசிலடித்தார்கள். எலக்ட்ரீஷியன் எழுந்து நின்று கைதட்டினார்.

திரும்பும் வழியில், "எப்படிப்பா இருந்துச்சு?" என்றாள்.

"பிரமாதம். மூச்சை மட்டும் இன்னும் கொஞ்சம் இழுத்துட்டுச் சொல்லியிருக்கலாம்."

"அப்பா!" என்று அவர் முதுகில் செல்லமாகக் குத்தினாள். இருவரும் சிரித்துக்கொண்டே நடந்தார்கள்.