உரும்பிராயில் குடித்த தண்ணீர்

கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் முற்றவெளி வரைக்கும் நெடுந்தூர ஓட்டம் என்று பட்டினத்து விளையாட்டுச் சங்கம் ஒன்று நோட்டீசு அடித்துச் சந்திக்குச் சந்தி ஒட்டியிருந்தது. அது ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு. உரும்பிராய்ச் சந்தியில் அந்த நோட்டீசுக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தான் சீவரத்தினம். சாவகச்சேரி, கைதடி, கோப்பாய், உரும்பிராய், திருநெல்வேலி, நல்லூர் என்று ஓடும் வழியெல்லாம் வாசித்து முடித்தபின் கடைசி வரியில் கண் நின்றுவிட்டது. 'யாரும் ஓடலாம்.'

அதை அவன் இன்னொருதரம் வாசித்தான். யாரும் என்றால் தானும்தான் என்று நம்புவதற்கு அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவன் தம்பிராசாவின் புகையிலைத் தோட்டத்தில் கிணற்று ஏற்றமான துலா மிதிக்கிறவன். கீழே ஒருவன் பனையோலைப் பட்டையைப் பிடித்துத் தண்ணீர் இறைக்க, மேலே துலா மரத்தில் ஏறி நின்று முன்னுக்கும் பின்னுக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். தவறினால் கிணறு. விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை அப்படி நடந்து நடந்து அவனுடைய கால்கள் முறுக்கிய கயிறு போல இருந்தன. ஆனால் அதே தோட்ட வளவில் அவனுக்குத் தாகமெடுத்தால் செம்பைத் தொட முடியாது. வேலியோரம் போய் நிற்க, தள்ளி நின்று சிரட்டையில் வார்ப்பார்கள். அவன் பிறந்த சாதிக்கு ஊர் வைத்த முறை அது. பெயரைக்கூட முழுதாகச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அப்பன் ஆசையாக வைத்த சீவரத்தினம், தோட்டத்தில் வெறும் 'சீவன்' ஆகியிருந்தது.

ஓடப்போகிறேன் என்று அவன் சொன்னபோது தம்பிராசா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சிரித்தார்.

"உனக்கேன்ரா உந்த விசர்? துலா ஆர் மிதிக்கிறது?"

"ஞாயிற்றுக்கிழமைதானே நயினார். திங்கள் விடிய வந்திடுவன்."

"காலேஜ் பெடியளும் பொலிசுக்காரரும் ஓடுற ஓட்டமடா. நீ பின்னாலை இளைச்சு இளைச்சு ஓடி எங்கடை ஊரின்ரை மானத்தை வாங்காதை."

"பின்னாலை ஓடமாட்டன் நயினார்."

சொன்ன பிறகுதான் தான் எதிர்த்துக் கதைத்துவிட்டது சீவரத்தினத்துக்கே தெரிந்தது. தம்பிராசா அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

பங்குனி வெயில் தொடங்கியிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலைப் புகைவண்டியில் ஓட்டக்காரர் எல்லாரும் கொடிகாமத்தில் வந்து இறங்கினார்கள். கன்வஸ் சப்பாத்தும் கட்டைக் காற்சட்டையும் போட்ட மாணவர்கள் ஒரு பக்கமாக நின்று காலை உதறிக்கொண்டிருந்தார்கள். சீவரத்தினம் வெறுங்காலோடு, வேட்டியைத் தாறுபாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். பக்கத்தில் வந்து நின்றவனுக்கும் சப்பாத்து இல்லை. கறுத்து நெடுத்தவன். கழுத்தில் சின்னச் சிலுவை கிடந்தது.

"நான் கனிசியஸ். குருநகர். வலை இழுக்கிறனான். நீ?"

"சீவரத்தினம். உரும்பிராய்."

"ஓடிப் பழக்கமோ?"

"துலா மிதிச்சுப் பழக்கம்."

"அப்ப உன்னிலைதான் ஒரு கண் வைச்சிருக்க வேணும்" என்று கனிசியஸ் சிரித்தான்.

சங்கத்துக் காரியதரிசி வைத்திலிங்கம், கோட்டும் தலைப்பாகையும் அணிந்து கோர்ட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசி, ஒரு மேசைமேல் ஏறி நின்று விதிகளைச் சத்தமாகச் சொன்னார். குறுக்குப் பாதையால் போகக்கூடாது. வண்டியைப் பிடிக்கக்கூடாது. வழிநெடுகச் சங்கத்துத் தண்ணீர்ப் பந்தல்கள் உண்டு. அங்கே மட்டும்தான் குடிக்கலாம். வெளியாள் கையால் எதையும் வாங்கிக் குடித்தால், முதலாவதாக வந்தாலும் பரிசு கிடையாது. சைக்கிளில் மேற்பார்வைக்காரர் வருவார்கள்.

கொடி விழுந்தது.

முதல் கொஞ்ச நேரம் சீவரத்தினத்துக்கு எதுவுமே பிடிபடவில்லை. புழுதியும் முழங்கைகளும் மூச்சும்தான். எல்லாரும் பறந்தார்கள், அவனும் பறந்தான். பிறகு நெஞ்சு அடைத்தபோது, இது என்ன புத்தி என்று தன்னையே ஏசிவிட்டு, துலாவில் நடக்கிற அந்த ஒரே சீரான நடைக்குக் காலைக் கொண்டுவந்தான். மூச்சு வந்து காலோடு சேர்ந்தது. அதற்குப் பிறகு ஓட்டம் அவனுடையதாயிற்று.

சாவகச்சேரிச் சந்தையடியில் சனம் இரண்டு பக்கமும் நெருக்கியடித்து நின்றது. "ஓடு தம்பி ஓடு!" என்று முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் அவனுடைய முதுகில் தட்டிவிட்டார். நீ ஆர், எந்தப் பகுதி என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. அவன் அதற்குள் அடுத்த வளைவுக்குப் போய்விட்டான். அங்கிருந்த பந்தலில் சங்கத்து இளைஞன் ஒருவன் பித்தளைத் தம்ளரை நீட்டினான். சீவரத்தினத்தின் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு வாங்கி, வாய் வைத்துக் குடித்தான். இடி விழவில்லை. தண்ணீர் தண்ணீர் மாதிரித்தான் இருந்தது. இவ்வளவுதானா என்று நினைத்து, ஓடியபடியே அவன் சிரித்துவிட்டான்.

கைதடி தாண்டிக் கடல்நீரேரி வீதிக்கு வந்தபோது சப்பாத்துக்காரர் பலர் பின்தங்கிவிட்டார்கள். ஒருவன் தெருவோரம் குந்தியிருந்து தொடையைப் பிடித்துக்கொண்டு அழுதான். இரண்டு பக்கமும் தண்ணீர் வெள்ளித் தகடு போலக் கண்ணைக் குத்தியது. உப்புக் காற்று எதிரே வந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. கனிசியஸ் அவனுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தான்.

"எங்கடை காத்து. எனக்குத்தான் வழி விடும்" என்றான் மூச்சுவாங்க.

"அப்ப முன்னாலை ஓடு. உனக்குப் பின்னாலை மறைஞ்சு நான் வாறன்."

"சரியான கள்ளனடா நீ!"

கோப்பாய்க்குள் நுழையும்போது அவர்கள் இருவருக்கும் முன்னால் ஒரு பொலிசுக்காரன் மட்டும்தான் இருந்தான். அவனும் களைத்து வாய்க்கால் மதகில் குந்தி இருந்துவிட்டான். கனிசியஸ் முன்னாலும் சீவரத்தினம் கொஞ்சம் பின்னாலுமாக உரும்பிராய்க்குள் வந்தார்கள். சீவரத்தினத்துக்கு நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. எச்சில் இல்லை. ஆனால் தன் ஊருக்குள், தெரிந்த வேலிகளுக்கு நடுவே, எல்லாரும் பார்க்க இரண்டாவதாக ஓடிவருவது உடம்பைப் புல்லரிக்க வைத்தது.

உரும்பிராய்ப் பந்தலை நடத்தும் பொறுப்பைச் சங்கம் தம்பிராசாவிடம் கொடுத்திருந்தது. அவர் தன் வளவு வாசல் படலையடியில் வெள்ளை விரித்த மேசை போட்டு, வரிசையாகத் தம்ளர்களை வைத்து, சரிகை வேட்டியோடு நின்றார். தெருவுக்கு அந்தப் பக்கம், பனைகளின் கீழே சீவரத்தினத்தின் ஆட்கள் நின்றார்கள். மனைவி இராசாத்தி இடுப்பில் மண்குடத்தோடு நின்றாள். வெயிலில் காத்து நிற்கிறவர்களுக்காக வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்.

கனிசியஸ் ஒரு தம்ளரை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு ஓடினான். சீவரத்தினம் அடுத்த தம்ளருக்குக் கையை நீட்டினான். தம்பிராசா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சீவன், அங்காலை போ. உனக்கு வேலியடியிலை வைச்சிருக்கு."

வேலியோரத்தில் ஒரு கல். கல்லின்மேல் ஒரு சிரட்டை.

"எல்லாருக்கும் உதிலைதானே குடுக்கிறியள் நயினார்."

"எல்லாரும் நீயோ? மினக்கெடாமல் குடிச்சிட்டு ஓடு. நல்லா ஓடுறாய், நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சீவரத்தினத்துக்குச் சுட்டது. எத்தனையோ வருடமாக அந்தச் சிரட்டையில் குடித்தவன்தான் அவன். நேற்றும் குடித்தான். இன்று முடியவில்லை. தொண்டை கெஞ்சியது. இன்னும் திருநெல்வேலி, நல்லூர் எல்லாம் தாண்ட வேண்டும். தண்ணீர் இல்லாமல் போனால் விழுந்துவிடுவான் என்று அவனுடைய உடம்புக்குத் தெரிந்திருந்தது.

அவன் திரும்பித் தெருவைக் கடந்தான்.

"இராசாத்தி, தண்ணி தா."

சைக்கிளில் வந்த மேற்பார்வைக்காரர் மணியை அடித்துக்கொண்டு கத்தினார். "தம்பி, வெளித்தண்ணி குடியாதை! குடிச்சால் உன்ரை பரிசு போச்சு!"

இராசாத்தி குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவனுடைய முகத்தைப் பார்த்தாள். "வேண்டாம். இவ்வளவு தூரம் ஓடி வந்திட்டியள்."

"தெரியும். தா."

அவள் கொடுத்தாள். அவன் அவசரப்படவில்லை. தெரு நடுவில், தம்பிராசாவின் படலைக்கு நேரே திரும்பி நின்று, குடத்தை இரண்டு கையாலும் தூக்கிப் போதும் போதும் என்னும்வரை குடித்தான். மிச்சத்தைத் தலையில் ஊற்றினான். குடத்தை அவளிடம் கொடுத்துவிட்டு மேற்பார்வைக்காரரைப் பார்த்தான்.

"கண்டியளோ ஐயா?"

"கண்டனான்" என்றார் அவர்.

"சரி. நான் ஓடுறன்."

ஓட வேண்டிய தேவை இனி இல்லை. அவனுடைய குடிசை கூப்பிடு தூரத்தில் இருந்தது, போய்ப் படுத்திருக்கலாம். ஆனால் கால் நிற்கவில்லை. பரிசு போனபிறகு ஓட்டத்தில் ஒரு பாரம் குறைந்த மாதிரி இருந்தது. திருநெல்வேலித் தெருவின் தார் உள்ளங்காலைச் சுட்டது. பெருவிரல் நகம் பிய்ந்து இரத்தம் வந்தது. விலாவில் ஊசி குத்தியது. ஒவ்வொரு நோவும் அவனைப் பார்த்து இரு, இரு என்றது. இருக்கமாட்டேன் என்று அவன் ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக்கொண்டான். வேறு எந்த நினைப்பும் அவனிடம் மிஞ்சியிருக்கவில்லை.

நல்லூரில் கோயில் மணி கேட்ட இடத்தில் கனிசியஸின் முதுகு தெரிந்தது. அவன் தோள் சரிந்து, கால் இழுபட ஓடிக்கொண்டிருந்தான். சீவரத்தினம் பக்கத்தில் வந்ததும் திரும்பிப் பார்த்தான்.

"நான் திரும்பிப் பாத்தனான்" என்றான் கனிசியஸ். "அந்தாள் உனக்குத் தராததையும் கண்டனான்."

"கண்டும் ஓடினனீ."

"ஓம். வெல்ல வேணுமெண்டு வந்தனான்."

"அப்ப வென்று காட்டு" என்று சொல்லிவிட்டுச் சீவரத்தினம் அவனைத் தாண்டினான்.

முற்றவெளியில் பாண்டு வாத்தியம் முழங்கியது. கயிற்றை நெஞ்சால் அறுத்துக்கொண்டு முதலாவதாக வந்தவன் அவன்தான். யாரோ மாலையோடு ஓடிவந்தார்கள். ஆனால் மேற்பார்வைக்காரர் அதற்கு முன்னமே வந்துவிட்டார்; காரியதரிசியின் காதில் அவர் ஏதோ சொல்ல, மாலை பாதிவழியில் நின்றது.

வைத்திலிங்கம் நல்ல மனுசன். சீவரத்தினத்தைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் கதைத்தார்.

"தம்பி, உன்னை மாதிரி ஓட்டக்காரனை நான் கண்டதில்லை. பரிசை உனக்கே தரத்தான் எனக்கும் விருப்பம். தலை சுத்தினது, என்ன செய்யிறனெண்டு தெரியாமல் குடிச்சிட்டன் எண்டு ஒரு வார்த்தை சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

வெள்ளிக் கிண்ணம் மேசையில் வெயிலில் மினுங்கியது. சீவரத்தினம் அதைப் பார்த்தான். ஆசை இல்லாமல் இல்லை.

"தலை சுத்தேல்லை ஐயா" என்றான். அவன் குரலைத் தணிக்கவில்லை; பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "நல்ல நினைவோடைதான் குடிச்சனான். உங்கடை பந்தலிலை மற்றவைக்குத் தம்ளர், எனக்குச் சிரட்டை. அதாலை என்ரை மனிசியின்ரை கையாலை வாங்கிக் குடிச்சனான். யாரும் ஓடலாமெண்டு எழுதி ஒட்டினியள். யாரும் குடிக்கலாமெண்டு எழுத மறந்துபோனியள்."

"பொய்! சும்மா பழி போடுறான்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"பொய்யில்லை." இரண்டாவதாக வந்து புல்லில் மல்லாந்து கிடந்த கனிசியஸ் எழும்பி உட்கார்ந்தான். "நான் கண்டனான். வேதத்தின்மேலை சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவன்."

காரியதரிசி தலைப்பாகையைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். சங்கத்தார் கூடிக் குசுகுசுத்தார்கள். கடைசியில் விதி விதிதான் என்று முடிவாயிற்று. கிண்ணம் கனிசியஸுக்குப் போனது. அவன் அதை மறுக்கவில்லை. குருநகரிலிருந்து அவனுடைய ஆட்கள் முழுப்பேரும் வந்து நின்றார்கள். ஆனால் வாங்கியவுடன் சீவரத்தினத்திடம் வந்து, "முதலாவது நீதான். ஆர் கேட்டாலும் சொல்லுவன். வேலை போச்செண்டால் குருநகருக்கு வா, கரைவலைக்கு ஆள் காணாது" என்றான்.

பொழுது சாயும் நேரம் சீவரத்தினம் நொண்டி நொண்டி ஊருக்கு வந்தான். இராசாத்தி சந்தியில் காத்து நின்றாள். இருவரும் சேர்ந்து நடந்தார்கள். தம்பிராசா படலையில் சாய்ந்து நின்றார். பட்டினத்துச் செய்தி அவருக்கு முன்னமே வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

"நாளைக்கு விடிய வந்து, வீட்டு முத்தத்திலை நிண்டு, பிழை விட்டிட்டன் எண்டு நாலு பேருக்கு முன்னாலை சொல்லு. இல்லையெண்டால் இந்த வளவுப் பக்கம் கால் வைக்காதை."

சீவரத்தினம் வாய் திறக்க முன்னர் இராசாத்தி சொன்னாள்.

"அவர் வரமாட்டார். நீங்கள் வேறை ஆளைப் பாருங்கோ."

நயினார் என்ற சொல்லை அவள் சேர்க்கவில்லை. தம்பிராசா அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிறவர் போல இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பியபின் சீவரத்தினம் அவளுடைய கையைத் தேடினான். பிடித்துக்கொண்டான்.

"கரைவலை இழுப்பியளோ?" என்று அவள் கேட்டாள்.

"பழகினால் வரும்."

"ஓடேக்குள்ளை எப்பிடி இருந்தது?"

அவன் யோசித்தான். "கைதடி தாண்டித் தண்ணிக்கு நடுவாலை ஒரு தெரு. அங்கை காத்து ஆளைப் பிடிச்சுத் தள்ளும். தள்ளத் தள்ள ஓடிக்கொண்டு வந்தன். அப்ப என்ரை உடம்பு முழுக்க எனக்குத்தான் சொந்தமெண்டு இருந்தது. இன்னொருக்கால் அதிலை ஓட வேணும்."

"வாற வருசம் உங்களை விடமாட்டினம்."

"விடாட்டில் கொடி விழுந்தாப் பிறகு பின்னாலை நிண்டு தொடங்குவன்" என்றான் சீவரத்தினம். "கொஞ்சத் தூரம்தானே பின்னாலை ஓட வேணும்."