இரண்டாவது அடி

...விடுதலை என்று ஜட்ஜ் சொன்னது மாரீஸ்வரிக்கு விளங்கவில்லை, வக்கீல் விசாலாக்ஷி தோளைத் தொட்டு, விட்டுட்டாங்கம்மா, வீட்டுக்குப் போகலாம் என்ற பிறகுதான்... இப்போது சயான் போகிற மும்பை லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் புருஷன் நெல்லையப்பன், ஊருக்குப் போன் போட்டு, தன் உயிரக் காப்பாத்த அடிச்சா குத்தமில்லன்னு சட்டமே சொல்லுது மாமா என்று சிரிக்கிறான். சட்டம் சொல்லுதுதான். விசாலாக்ஷியம்மா எத்தனை தடவை விளக்கினாங்க, உயிர் போயிருமோங்கிற பயம் இருக்கிற வரைக்கும்தான் அந்த உரிமை, பயம் தீர்ந்தா அதுவும் தீர்ந்துது, உங்களுக்குப் பயம் இருந்துதா? இருந்துதும்மா. இல்லாமலா? தாராவி வீட்டில், பட்டப்பகலில், தனியாக இஞ்சி இடித்துக்கொண்டிருந்தவள் கழுத்தில் கத்தி வந்தால்... பக்கத்துச் சந்து சாய்நாத், தெரிந்த முகம், கதவைச் சாத்திவிட்டுக் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான், கத்தியை அழுத்தினான், அவள் இடிக்கிற இரும்புலக்கையை வீசினாள், விழுந்தான், கத்தி சிலிண்டருக்கு அடியில் ஓடிப்போனது. அப்புறம்தான் அவன் உள்ளங்கையை விரித்து, பஸ் பாபி, பஸ் என்றான். போதும் அண்ணி, போதும். இந்தி தெரியாதவளா அவள்? தெரிந்துதான் மறுபடி அடித்தாள், அந்த அடியில்தான் அவன் உயிர் போனது. விழுந்த பிறகு என்ன செய்தான் என்று கோர்ட்டில் கேட்டார்கள், கத்தியைத் தேடினான் என்றாள். தேடினானா? கை அசைந்தது, தேடியும் இருக்கலாம்... உயிருக்குப் பயந்தவள் அடியை அளந்து அடிக்க முடியுமா என்று விசாலாக்ஷியம்மா வாதாடினாங்க.

தீர்ப்பு முடிந்து வெளியே வந்தால் வராந்தாவில் சாய்நாத் பெண்டாட்டி வந்தனா நின்றாள், திட்டுவாள் என்று பார்த்தால் கிட்டே வந்து மெதுவாக, கடைசியா ஏதாவது சொன்னாரா என்று மட்டும் இந்தியில் கேட்டாள்.

"குச் நஹி."

ஒன்றுமில்லை என்று வாய் எப்படிச் சட்டென்று சொல்லிவிட்டது... வந்தனா தலையாட்டிவிட்டுப் போனாள், நம்பிவிட்டாள். மாட்டுங்கா தாண்டியாயிற்று. நெல்லையப்பன் போனைப் பைக்குள் போட்டான்.

"இன்னும் என்னத்துக்குட்டி நடுங்குத? அதான் முடிஞ்சுதுல்லா."

கையைப் பார்த்தாள், நடுங்கத்தான் செய்கிறது. அன்றைக்கு நடுங்கியதா? சாய்நாத் சங்கிலியை விட்டு அவள் வலது மணிக்கட்டை முறுக்கியிருந்தான், முதல் அடி இடது கையால், குருட்டடி. அவன் விழுந்ததும் வலது கை சும்மாதான் இருந்தது, அப்புறம்... உலக்கையைக் கை மாற்றிக்கொண்டாள். ஆமாம், மாற்றினாள், நழுவாமல் இறுக்கிப் பிடித்தாள். யாரும் கேட்காதது. பயந்தவள் கை மாற்றுவாளா?